குளத்தில் ஆடிய காவடி

தணிகாசலம் காவடியைத் தோளில் ஏற்றினால், மலையடிவாரத்து மிட்டாய்க் கடைக்காரன் ஈ ஓட்டுவதைக்கூட மறந்துவிடுவான். காவடிதான் அவன் பிழைப்பு. ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்கையோடு வந்து இறங்கும் வெளியூர் ஜனங்களுக்கு மூங்கிலை வளைத்து, பூச்சுற்றி, மயிற்பீலி செருகிக் காவடி கட்டிக் கொடுப்பான். கொடுத்ததோடு விடமாட்டான். ஆடத் தெரியாமல் மரம்போல நிற்கிறவர்களுக்கு முன்னால் தானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆடி, அவர்களைப் படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பான். அவன் ஆட்டத்தில் ஒரு குறும்பு உண்டு. சுற்றி வந்து நிற்கும்போது காவடியின் இடது முனையை மண்ணைத் தொடுகிற மட்டும் சாய்ப்பான். போச்சு, பூவெல்லாம் கொட்டப் போகிறது என்று பெண்கள் வாயில் கை வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து வெடுக்கென்று நிமிர்த்திவிட்டுச் சிரிப்பான். திருத்தணியில் வேறு எவனுக்கும் அது வரவில்லை. வம்புக்கு முயன்ற ஒருவன் தன் காவடியாலேயே மூக்கை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்தான்.

அந்தச் சிரிப்பில் விழுந்துதான் பூவம்மாள் அவனைக் கட்டிக்கொண்டாள். பூவம்மாளுக்கு ஒரே தம்பி முனியன். தாயில்லாத பிள்ளை என்பதால் அக்காவோடு ஒட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே வளர்ந்தான். தணிகாசலத்தை அவன் பாவா என்று கூப்பிடுவான். பாவாவின் பின்னால் மூங்கில் சுமந்து அலைந்தவனுக்கு அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு அசைவும் மனப்பாடம். கால் மட்டும் வரவில்லை.

யுத்தம் வந்தது. அரிசி விலை ஏறியது, காவடி எடுக்கிற கூட்டம் குறைந்தது, அரக்கோணத்தில் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூங்கில் வளைத்த கை துப்பாக்கி பிடிக்கப் போயிற்று. மலேயாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அடுத்த வருஷமே சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. தணிகாசலத்தைக் காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து தகவல் வந்தது. செத்தான் என்றும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு சொல்லை ஒரு பெண்பிள்ளை தலையில் கட்டிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஊர் அவனை அப்போதே தலைமுழுகிவிட்டது. பூவம்மாள் மட்டும் அசையவில்லை. குளித்து முழுகிப் பொட்டு வைத்து, பூக்கட்டி விற்று, வடக்கே போகிற ரயிலையும் தெற்கே போகிற ரயிலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால் கடித்துக் குதறிவிடுவாள். பிறகு முனியனும் பட்டாளத்தில் சேர்ந்தான். பாவாவைத் தேடத்தான் சேர்ந்தான் என்று சொன்னால் அது பொய். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லை, அவ்வளவுதான். ஆனால் அக்கா அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷனில் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கையில்லாம கீறாரோ, காலில்லாம கீறாரோ, எனக்குப் பரவால்ல. எங்க பாத்தாலும் இட்டுகினு வாடா."

வருகிறேன் என்று தலையாட்டினான். உலகம் எவ்வளவு பெரிது என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

பர்மாவில் பாலம் கட்டினான். குண்டுக்கும் மலேரியாவுக்கும் தப்பினான். ஜப்பான்காரன் கையைத் தூக்கியதும் ஊருக்கு அனுப்புவார்கள் என்று பார்த்தால், இன்னொரு கப்பலில் ஏற்றி சைகோனில் கொண்டுபோய் இறக்கினார்கள். அது பிரெஞ்சுக்காரன் ஆண்ட தேசம். நடுவில் ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான். இப்போது பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்து உட்காருகிற வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ்காரன் நம் சிப்பாய்களைக் காவல் போட்டான். வீட்டுக்குச் சொந்தக்காரர்களான அந்த ஊர் ஜனங்களோ, எந்தத் துரையும் வேண்டாம் என்று காட்டுக்குள்ளிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டு இழவுக்கோ நம் பிள்ளைகள் போய் அடிபட்டார்கள்.

சைகோனில் காரைக்கால்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் தலைமுறையாகக் கடை வைத்திருந்தார்கள். பிரெஞ்சு ராஜாங்கத்துப் பிரஜைகள் என்று அவர்களுக்குத் தனிக் கௌரவம். முனியன் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிப் பாவாவின் அடையாளம் சொல்லிக் கேட்டான். சிங்கப்பூரில் பிடிபட்ட நம் சிப்பாய்களில் சிலரை ஜப்பான்காரன் இந்தத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கக் கொண்டுவந்தது உண்மை என்றார்கள். அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது பாதிப் பேர் செத்தார்கள், மீதிப் பேர் ஓடினார்கள் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தை மாதவாக்கில் அவனுடைய பிரிவை ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்துக் கிடங்கை யாரோ கொளுத்தியிருந்தார்கள். பக்கத்துப் பாலத்தையும் உடைத்திருந்தார்கள். பாலத்தைச் சரிசெய்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, சிப்பாய்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று தோட்டத்து பிரெஞ்சு மானேஜர் அழைத்தான். அங்கே வேலை செய்த கூலிகள் எல்லோரும் வடக்கே தோங்கின் சீமையிலிருந்து ஒப்பந்தத்தில் பிடித்து வரப்பட்டவர்கள். அவர்கள் ஊரில் தண்ணீர்மேல் பொம்மையாட்டம் ஆடுவது வழக்கமாம். அவர்களில் நாலைந்து பேருக்கு அது தெரியும் என்பதால் மானேஜர் ஆடச் சொல்லிவிட்டான். சந்தோஷமாக ஆடுகிறார்களா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்கால வெயில். பால்வடிக்கிற கொட்டகைக்குப் பின்னால் கலங்கல் தண்ணீராக ஒரு குளம். குளத்துக்குள்ளேயே கீற்றுப்போட்ட ஒரு பந்தல், பந்தலின் முன்புறம் தண்ணீர் மட்டம் வரை தொங்கும் மூங்கில் தட்டி. கரையில் ஒருவன் மேளம் தட்ட, இன்னொருவன் வெண்கலத் தட்டை அடித்தான். பெஞ்சியில் கேப்டனும் மானேஜரும் ஒரு பிரெஞ்சு சார்ஜெண்டும். தரையில் சிப்பாய்கள். எதிர்க்கரையில் கூலிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும், எலும்பும் தோலுமாகச் சத்தமில்லாமல் குந்தியிருந்தார்கள். முனியனுக்குப் பக்கத்தில் ஜெபதுரை. கனகம்மாசத்திரத்து வேதக்காரன், முனியனுக்கு அந்தப் பட்டாளத்தில் இருந்த ஒரே சிநேகிதன். பொய் சொல்ல வராது அவனுக்கு, அதனாலேயே சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்பான்.

தட்டிக்கு அடியிலிருந்து தொப்பையும் உச்சிக் குடுமியுமாக ஒரு பொம்மைப் பயல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். தலையை ஆட்டி, கையை வீசி, என்னமோ வம்பு பேசினான். அவன் குரல் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தது. எதிர்க்கரையில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. பிறகு வாயில் தண்ணீர் பீச்சுகிற இரண்டு பாம்பு மிருகங்கள். பிறகு வாத்துக் கூட்டம், அதைத் துரத்தும் நரி, நரியைத் துரத்தும் கிழவன். கயிறும் இல்லை, ஆளும் இல்லை. தண்ணீர்மேல் மரப் பொம்மைகள் தாமாக நடந்தன. பேய் வேலை என்றான் ஒருவன். தண்ணீருக்கு அடியில் நீளக் கழி இருக்கும், பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஆட்டுகிறார்கள் என்றான் ஜெபதுரை. சிப்பாய்கள் வாயைப் பிளந்து குழந்தைகளாகிப் போனார்கள்.

அப்புறம் ஒரு கூலிக்காரப் பொம்மை வந்தது. தோளில் கழி, கழியின் இரண்டு முனையிலும் தொங்கும் கூடை. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சுமக்கிறார்கள். ஆனால் இந்தக் கழி வளைந்திருந்தது, அதன்மேல் சிவப்புக் காகிதப் பூ சுற்றியிருந்தது. பொம்மை நேராக நடக்கவில்லை. முன்னே பாய்ந்தது, பின்னே வந்தது, தன்னைத்தானே சுற்றியது. மேளக்காரனும் அதற்கு ஏற்றமாதிரி அடியை மாற்றினான். பொம்மை சுற்றி வந்து நின்றது. கழியின் இடது முனை மெல்ல மெல்லச் சாய்ந்து தண்ணீரைத் தொட்டது. எதிர்க்கரைப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். வெடுக்கென்று நிமிர்ந்தது.

முனியன் யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கிற இடத்தில் அவன் அப்போது இல்லை. மலையடிவாரத்தில் நிற்கிற நினைப்பில் துள்ளி எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"தணிகைமலை முருகனுக்கு!"

"அரோகரா!" என்றது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

திருத்தணியில் பிறந்தவனுக்கு அந்த முதல் பாதியைக் கேட்டுவிட்டு மறு பாதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிட்டுத்தான் புரண்டு படுப்பான். தணிகாசலமும் சொல்லிவிட்டான். சொன்ன மறுநொடி பொம்மை அசையாமல் நின்றுவிட்டது.

தமிழ்ச் சிப்பாய்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் தாங்களும் அரோகரா போட்டார்கள். கேப்டன் சிரிக்கவில்லை. கூலிகளுக்கு நடுவில் ஒரு இந்தியன் இருக்கிறான் என்பது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜப்பானியரோடு சேர்ந்த சிப்பாய்கள் காட்டுக்குள் இருந்துகொண்டு கலகக்காரர்களுக்குத் துப்பாக்கி பழக்குகிறார்கள் என்று அந்தச் சமயம் ஒரே பேச்சு. தட்டியைத் தூக்கச் சொன்னான். மார்பு வரை நனைந்த நாலைந்து தோங்கின்காரர்களுக்கு நடுவில், அவர்களைவிட ஒரு முழம் உயரமாக, கறுப்பாக, கன்னம் ஒட்டிப்போய் பாவா நின்றுகொண்டிருந்தான்.

கரையேற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முழங்காலில் தண்ணீர் வடிய, உடைந்த இந்துஸ்தானியில் தான் காரைக்கால்காரன் என்றான். பிரெஞ்சுப் பிரஜை, கடையில் வேலைக்கு வந்தவன், சண்டையில் இங்கே மாட்டிக்கொண்டேன், பட்டாளத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றான். கேப்டன் முனியனைப் பார்த்துக் கையைக் காட்டி அழைத்தான். கத்தியது நீதானே, உனக்கு இவனைத் தெரியுமா என்று கேட்டான்.

முனியன் பாவாவைப் பார்த்தான். பாவா தலையைத் துளி அசைத்தான், வேண்டாம் என்று.

ஜப்பானியரோடு சேர்ந்து பிடிபட்டவர்களை டெல்லியில் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள், எல்லோருக்கும் தூக்குத்தான் என்று முகாமில் தினம் தினம் கேட்ட பேச்சு முனியன் காதில் இரைந்தது. தெரியாது சாகிப் என்றான். பக்கத்தில் நின்ற ஜெபதுரையின் காதிலும் அது விழுந்தது. பொம்மை காவடி எடுத்ததைப் பார்த்துச் சந்தோஷத்தில் கத்தினேன், அவ்வளவுதான் என்றான் முனியன். கேப்டனுக்கு அதற்கு மேல் அக்கறை இல்லை. பிரெஞ்சுப் பிரஜையானால் பிரெஞ்சுக்காரன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சார்ஜெண்டிடம் சொல்லிவிட்டு சிகரெட் பற்றவைத்தான். சார்ஜெண்டின் லாரி வருகிற வரைக்கும் முனியனையே காவல் நிற்கச் சொன்னார்கள். கூட்டத்தை விலக்க ஜெபதுரையும் மற்றவர்களும் குளத்தங்கரைக்குப் போனார்கள். ஒரு ரப்பர் மரத்தடியில் பாவாவும் மச்சானும் தனியே நின்றார்கள்.

தேடி அலைந்த ஆள் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறான், கட்டிக்கொள்ளக்கூட வழியில்லை. முனியன் துப்பாக்கியைப் பிடித்தபடி, உதடு அசையாமல் பேசினான்.

"நான் போய்ச் சொல்லிட்றேன் பாவா. எங்க அக்கா புருசன்னு சொல்லிட்றேன். ஜெயில்ல போட்டாலும் நம்ம ஊர் ஜெயில்தான? அப்பால வூட்டுக்கு வந்துடலாம்."

"வாணாம்."

"தூக்குல போட்டுடுவாங்கன்னு பாக்கறியா?"

"அதுக்கில்லடா." தணிகாசலம் எதிர்க்கரையைப் பார்த்தான். அங்கே இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரையும் சிப்பாய்கள் தள்ளிக்கொண்டு போன பிறகும் அவள் நகரவில்லை. "நான் வரல முனியா."

முனியனுக்கு முதலில் விளங்கவில்லை. குழந்தையின் நிறத்தைப் பார்த்த பிறகு விளங்கியது.

"அக்கா இன்னும் பொட்டு வெச்சிகினு உக்காந்துகினு கீறா பாவா."

தணிகாசலம் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் வழிந்தது குளத்துத் தண்ணீரா என்று முனியனுக்குத் தெரியவில்லை.

"சிங்கப்பூர்லயே செத்துட்டேன்னு சொல்லிடு. அவளுக்கு நீ கீற. இவளுக்கு யாருமே இல்ல. சோறில்லாம இவ ஊரே செத்துப் போச்சுடா. நான் ஓடி வந்தப்ப சாவக் கெடந்தேன். இவதான் ஒளிச்சு வெச்சுக் கஞ்சி ஊத்துனா." பிறகு, சமாதானம் செய்கிறவன்போலச் சொன்னான்: "காரைக்கால்காரன்னு சொன்னா விட்டுடுவான். மானேஜருக்கு வேலைக்கு நான் வோணும். நீ கம்முனு இரு."

முனியன் கம்மென்று இருந்தான். ஆனால் பாவா சொன்னதற்காக மட்டும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் ஊர்ப்பேச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு ஒருத்தி ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவன் இங்கே வேறொரு குடும்பத்தோடு, அவள் மயங்கிய அதே காவடியை ஆடிக்கொண்டிருக்கிறான். என் அக்காவை வேண்டாம் என்கிறவனை நான் ஏன் மல்லுக்கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும், கிடக்கட்டும் இங்கேயே என்று நினைத்தான். கேப்டன் கூப்பிடு தூரத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். முனியன் அந்த வார்த்தையை விழுங்கினான்.

லாரி வந்தது. தணிகாசலத்தை ஏற்றினார்கள். ஏறும்போது அவன் முனியனைப் பார்க்கவில்லை, எதிர்க்கரையைத்தான் பார்த்தான். அதுவும் முனியனுக்குச் சுட்டது.

சார்ஜெண்டுக்கு மானேஜரின் தேவையைப் பற்றி என்ன கவலை? கிடங்கு எரிந்ததற்கு அவனுக்கு யாராவது ஒருவன் வேண்டியிருந்தது. காரைக்கால்காரனோ கரடியோ, கூலிகளோடு கூலியாக ஒளிந்திருந்தவன் கலகக்காரனுக்கு வாத்தியாராகத்தான் இருப்பான் என்று முடிவு கட்டிவிட்டான். லாரி ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைவில் திரும்பியதும் நின்றது. முதலில் ஒரு வெடிச்சத்தம், பிறகு சேர்ந்தாற்போல் சில. லாரி மறுபடி கிளம்பிப் போய்விட்டது. கேப்டன் திரும்பிப் பார்த்தான். அது அவர்கள் விவகாரம் என்று சொல்லிவிட்டு சிகரெட்டை மிதித்தான்.

குழந்தைக்காரி ஓடினாள். அவள் பின்னால் கூலிகள் ஓடினார்கள். முனியனும் ஓடப் பார்த்தான். அணிவகுக்கச் சொல்லி விசில் அடித்துவிட்டார்கள். தங்கள் லாரி அந்த வளைவைக் கடந்தபோது அவன் கண்ணில் பட்டதெல்லாம் கும்பலின் முதுகுகளும், நடுவில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களும்தான். அந்தப் பாதங்களை அவனுக்குத் தெரியும். வண்டிக்குள் கவிழ்ந்து விழுந்து, அது எங்க அக்கா புருசன்டா என்று ஜெபதுரையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாப் பெண்களும் அழுதுகொண்டிருந்தபடியால் ஜெபதுரைக்கு அந்தக் குழந்தைக்காரி தனியாகத் தெரியவும் இல்லை. முருகா, என் வாயை ஏன் திறக்க வைத்தாய் என்றும், திறக்க வேண்டிய நேரத்தில் ஏன் அடைத்தாய் என்றும் முனியன் மனத்துக்குள்ளே அடித்துக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பிய கப்பலில் இன்னொரு கொடுமை காத்திருந்தது. ஜப்பானியரிடம் இருந்த நம் சிப்பாய்களும் அதே கப்பலில் வந்தார்கள். மேல்தளத்தில் வெயில் காய்ந்துகொண்டு சீட்டு ஆடினார்கள். தூக்குமில்லை, கயிறுமில்லை. விசாரித்துவிட்டு, பட்டாளத்திலிருந்து நீக்கி, அவரவர் ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம். தெரியும் சாகிப், என் பாவாதான் என்று சொல்லியிருந்தால் தணிகாசலமும் இப்போது அந்தச் சீட்டு வட்டத்தில் உட்கார்ந்திருப்பான். மனசில்லாமல் வந்திருப்பான். திட்டிக்கொண்டே வந்திருப்பான். உயிரோடு வந்திருப்பான். முனியன் கடலைப் பார்க்கவும் பிடிக்காமல் கீழ்த்தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜெபதுரை காய்ச்சலில் விழுந்ததால் முன்கூட்டியே அனுப்பிவிட, முனியனுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டான். பட்டாளத்திலிருந்து எவன் திரும்பினாலும், எந்த ஊரானாலும், பூவம்மாள் தேடிப்போய்க் கேட்பாள் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். கனகம்மாசத்திரத்துக்கும் போனாள். பொய் சொல்ல வராத மனுஷன், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டான். பொம்மைக் காவடி, அரோகரா, தெரியுமா என்று துரை கேட்டது, தெரியாது என்று முனியன் சொன்னது, லாரி, வெடிச்சத்தம், எல்லாவற்றையும் சொன்னான். மரத்தடியில் நடந்த பேச்சு அவனுக்குத் தெரியாது.

முனியன் காலை வண்டியில் வந்து இறங்கினான். என்ன சொல்வது என்று அரக்கோணத்திலிருந்தே மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தவன், வாசலில் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று கண்டுகொண்டான். நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கண் செத்தவளுடைய கண்ணாக இருந்தது. அவள் முற்றத்தில் குந்திப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"ஜெபதுரை சொன்னாரு," என்றாள். "உன் வாயால கேக்கணும்னுதான் பொட்டக்கூட அழிக்காம கீறேன். இவனத் தெரியுமான்னு கேட்டாங்களாமே. நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன்கா."

"ஏன்டா?"

முனியன் நாக்கில் உண்மை வந்து நின்றது. அவர்தான் வேண்டாம் என்றார், உன்னிடம் வர அவருக்கு மனசில்லை, அங்கே ஒருத்தி இருக்கிறாள், குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாவத்தில் முக்கால் பங்கு பாவாவின் தலைக்குப் போய்விடும். அக்காவோடு சேர்ந்து அவனைத் திட்டி அழுதுகூடத் தீர்க்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு என்ன மிஞ்சும்? இத்தனை வருஷம் வைத்த பொட்டு மிஞ்சாது, பார்த்த ரயில்கள் மிஞ்சாது. அவள் தன்னையே காறித் துப்பிக்கொள்வாள். அதைப் பார்க்க அவனால் முடியாது.

"பயந்துட்டேன்," என்றான். "சொன்னா என்னியும் சேத்துப் புடிச்சிகினு போவாங்கன்னு பயந்துட்டேன்."

பூவம்மாள் நாரைக் கீழே வைத்தாள். பள்ளிப்பட்டில் ஒருவன் திரும்பி வந்திருக்கிறான், ஜப்பான்காரனோடு சேர்ந்தவன்தான், மாலை போட்டு மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றாள். குரல் உயரவே இல்லை. அவள் அடித்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்கிட்ட எதனா பேசுனாரா?"

"பேசுனாரு. பூவு எப்பிடிக் கீறான்னு கேட்டாரு." ஆரம்பித்த பிறகு பாதியில் நிற்க முடியவில்லை. "இன்னும் பொட்டு வெச்சிகினு கீறான்னேன். அழுதாரு. எப்பிடியாவது என்னை ஊருக்கு இட்டுகினு போயிடுடா, எங்க மச்சான்னு துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுடான்னு கெஞ்சுனாரு."

"கெஞ்சியும் சொல்லலியா?"

"சொல்லல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தான் சோறூட்டி வளர்த்த பிள்ளை இதுதானா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகுதான் அழுதாள். காணவில்லை என்ற தகவல் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை அவ்வளவும் வந்தது. என் ராஜா, என்னண்ட வரத்தான துடிச்ச, என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். முனியன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் முகத்தில் யாரும் விழிக்கவில்லை.

உடல் இல்லாததால் தர்ப்பையில் ஆள் செய்து கொளுத்தி, முறைப்படி எல்லாம் செய்தார்கள். பத்தாம் நாள் பொய்கைக் கரையில் தாலி வாங்கினார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை உடன்பிறந்தவன்தான் போர்த்த வேண்டும். அன்றைக்கும் அவன் போர்த்தவில்லையென்றால் அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது என்பது பொருள். பள்ளிப்பட்டு நெசவாளியிடம் வாங்கிய கோடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முனியன் போய் நின்றான். பங்காளிகள் வழிவிட்டார்கள். ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த பூவம்மாள் அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

நனைந்த பழைய புடவையோடே எழுந்து கரையேறினாள். கூட வந்த பெண்கள் தாங்கிப் பிடிக்க வந்தார்கள், வேண்டாம் என்று விலக்கிவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தாள். எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, எம் புருசன் எங்கிட்ட வரணும்னுதான் கெஞ்சுனாரு, இந்தப் பாவிதான் வுடல என்று சொல்லிக்கொண்டே போனாள். முனியன் கோடியை ஏந்தியபடி, அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றான்.